வெட்டுக்கு முந்திய ஆறு ஆண்டுகள்

ரப்பர் கன்று நட்ட நாளிலிருந்து முதல் பால் தரும்வரை ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் ஆகும். அந்த ஆறு ஆண்டும் தோட்டத்துக்குச் செலவுதான். நாற்றுமேடையில் வளர்க்க வேண்டும்; நல்ல இனத்தின் மொட்டை எடுத்து ஒட்டுக் கட்ட வேண்டும்; குழி வெட்டி நட வேண்டும்; வரிசைகளுக்கு நடுவே மூடுகொடி படரவிட வேண்டும்; லாலாங் புல்லை அழித்து உரம் போட வேண்டும். அடிமரத்தின் சுற்றளவு 45, 50 சென்டிமீட்டர் வந்த பிறகுதான் கத்தி வைக்கலாம். அவசரப்பட்டு முன்பே வைத்தால் மரம் கெடும். இந்த ஆறு ஆண்டுச் செலவை எந்தத் தோட்டக் கிராணியும் நட்டக் கணக்கில் எழுதியதில்லை. முதலீடு என்றுதான் எழுதினார்.

அந்த இளமரத்துக்காக மலாயாவில் ஒரு பொது ஏற்பாடே இருந்தது. 1925-இல் சட்டம் இயற்றி ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தைத் தொடங்கினார்கள். ரப்பர் மீது விதித்த தீர்வையில் அது நடந்தது. எந்த இனம் அதிகப் பால் தரும், எந்த நோய் வேரைத் தின்னும், எந்த மண்ணுக்கு எவ்வளவு உரம் என்பதையெல்லாம் அங்கே அளந்து பார்த்தார்கள். அங்கே உருவான ஆர்ஆர்ஐஎம் 600 என்ற இனம் ஆசியா முழுவதும் பரவியது. 1952-இல் மறுநடவுக்கென்றே ஒரு நிதிச் சட்டம் வந்தது. பழைய மரத்தைச் சாய்த்துப் புதுக்கன்று வைப்பவருக்கு, அது பால் தரும்வரை தாக்குப்பிடிக்க, ஏற்றுமதித் தீர்வையிலிருந்து பணம் போனது.

அதே தோட்டத்தில் பிறந்த குழந்தைக்கும் முதலாம் ஆண்டு வகுப்பில் காலெடுத்து வைக்க ஆறு, ஏழு ஆண்டுகள் ஆயின. நெகிரி செம்பிலானில் லாபு, ரந்தாவ், சிலியாவ், பகாவ், கெமெஞ்சே என்று பால்மரம் நின்ற இடமெல்லாம் தமிழ்க் குழந்தைகள் இருந்தார்கள். அந்த ஆறு ஆண்டுகளுக்கு ஒரு நிதியோ ஓர் ஆராய்ச்சிக் கழகமோ இருக்கவில்லை. பாலர் கல்வியை நாட்டின் கல்வி முறைக்குள் ஓர் உறுப்பாகச் சட்டம் ஏற்றுக்கொண்டதே 1996-இல்தான். கன்றுக்குக் கிடைத்த கவனம் குழந்தைக்குக் கிடைக்க நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பிந்தியது. அந்தத் தாமதத்தின் விலை என்ன, இனிமேல் போடும் பணத்தை எதில் போட வேண்டும் என்ற இரண்டுக்கும் அறிவியலிடம் இன்று ஓரளவு தெளிவான பதில் இருக்கிறது.

ஆயாக் கொட்டகை யாருக்காக?

தோட்டத்தில் சிறு பிள்ளைகளுக்கென்று எதுவுமே இல்லை என்று சொல்ல முடியாது. ஆயாக் கொட்டகை இருந்தது. அது ஏன் வந்தது என்பதற்கான விடை மரத்தின் உடலில் இருக்கிறது.

ரப்பர் பால் பட்டைக்குள் நுண்ணிய குழாய்களில் இருக்கிறது. விடியலுக்கு முன், இலைகள் நீரை ஆவியாக்காமல் இருக்கும் நேரத்தில், அந்தக் குழாய்களுக்குள் நீரின் நெருக்கம் உச்சத்தில் இருக்கும். 10 வளிமண்டல அழுத்தத்துக்கும் மேல் போகும். அப்போது பட்டையைச் சீவினால் பால் வேகமாக வடியும். வெயில் ஏற ஏற இலைகள் நீரை இழுக்கும், அழுத்தம் இறங்கும், ஒழுக்கு நிற்கும். ஆகவே பால்வெட்டு இருட்டில் தொடங்கியாக வேண்டும். பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடுவது விடியலுக்கு முன்பே நடந்தது. கணவன், மனைவி இருவரும் வெட்டுக்குப் போனால்தான் வீட்டில் அடுப்பு எரியும். அந்த நேரத்தில் கைக்குழந்தையை எங்கே விடுவது? தூக்கம் கலையாத பிள்ளைகளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து ஆயாவிடம் விட்டுவிட்டுத் தாய்மார் மரத்துக்கு ஓடினார்கள்.

ஆயா பெரும்பாலும் வெட்டுக்குப் போக உடம்பு இடங்கொடுக்காத ஒரு மூதாட்டி. பால் கரைத்துக் கொடுப்பார், ஏணையில் ஆட்டுவார், பூச்சி பொட்டு அண்டாமல் பார்த்துக்கொள்வார். பத்திருபது பிள்ளைகளை ஒற்றை ஆளாகக் கவனித்த அந்தப் பெண்களுக்குத் தோட்டச் சமூகம் பட்ட கடன் பெரிது. ஆனால் அந்தக் கொட்டகையின் நோக்கம் தாயின் கைகளை விடுவிப்பதோடு முடிந்துபோனது. குழந்தையின் மூளை அதன் பொறுப்பில் இல்லை.

சட்டமும் அதே கண்ணோடுதான் பார்த்தது. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தொகுப்பு, 7 முதல் 14 வயதுக்குள் பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்றது. ஏழு வயதுக்குக் கீழே படிப்பு என்ற பேச்சே அதில் இல்லை. 1990-இல் வந்த 446-ஆம் சட்டம், நான்கு வயதுக்கு உட்பட்ட பத்துப் பிள்ளைகள் குடியிருக்கும் தோட்டத்தில் குழந்தைக் காப்பகம் கட்டும்படி முதலாளிக்கு உத்தரவிடலாம் என்றது. வீடு, தண்ணீர், கழிப்பறை ஆகியவற்றோடு சேர்ந்த ஒரு வசதியாகத்தான் காப்பகமும் அந்தச் சட்டத்தில் வருகிறது. இப்படி நான்குக்குக் கீழே ஒரு கொட்டகை, ஏழுக்கு மேலே ஒரு பள்ளி என்று அமைந்தது. நடுவில் இருந்த ஆண்டுகளைத் தெருவும் பாட்டியும் பார்த்துக்கொண்டார்கள்.

மூளைக்குள் நடப்பது

அந்த ஆண்டுகளில்தான் மூளையின் வேலை உச்சத்தில் இருக்கிறது. 1970-களில் பீட்டர் ஹட்டன்லாக்கர் என்ற நரம்பியல் மருத்துவர், வெவ்வேறு வயதில் இறந்தவர்களின் மூளைத் திசுவை நுண்ணோக்கியில் வைத்து நரம்பிணைப்புகளை எண்ணத் தொடங்கினார். குழந்தையின் மூளையில் அவை பெரியவர்களுக்கு இருப்பதைவிட மிக அடர்த்தியாக இருந்தன. பார்ப்பதற்கும் கேட்பதற்குமான பகுதிகளில் இந்த அடர்த்தி முதல் ஆண்டை ஒட்டியே உச்சம் தொடுகிறது. திட்டமிடுவதற்கும் ஆசையை அடக்குவதற்கும் பயன்படும் முன்மூளையில் அது இன்னும் பிந்தி வருகிறது. பிறகு கத்தரிப்பு தொடங்குகிறது. அடிக்கடி பயன்படும் இணைப்பு உறுதிப்படுகிறது, பயன்படாதது உதிர்கிறது. எது பயன்படும் என்பதைக் குழந்தையைச் சுற்றி இருப்பவர்களின் பேச்சும் தொடுதலும் விளையாட்டும் தீர்மானிக்கின்றன.

இந்த வேலைக்குப் பெருந்தீனி வேண்டும். கிறிஸ்டஃபர் குசாவாவும் அவருடைய குழுவினரும் 2014-இல் வெளியிட்ட கணக்கின்படி, ஐந்து வயதை ஒட்டி ஒரு குழந்தையின் உடல் ஒரு நாளில் செலவழிக்கும் ஆற்றலில் ஏறத்தாழ 43 விழுக்காட்டை மூளை மட்டுமே எடுத்துக்கொள்கிறது. அந்த வயதில் உடல் வளர்ச்சி மெதுவாக இருப்பதற்கும் அதுவே காரணம் என்கிறார்கள். காலைச் சாப்பாடு இல்லாமல் பாலர் வகுப்புக்கு வரும் பிள்ளை எதை இழக்கிறது என்பதை இதிலிருந்து ஊகிக்கலாம்.

தீனி மட்டும் போதாது என்பதை ருமேனியா காட்டியது. சௌசெஸ்கு ஆட்சிக் காலத்து அனாதை இல்லங்களில் குழந்தைகளுக்கு உணவும் கட்டிலும் இருந்தன. தூக்கிக் கொஞ்ச ஆள் இல்லை. 2000-இல் தொடங்கிய புக்கரெஸ்ட் ஆய்வில் 136 குழந்தைகளில் பாதிப்பேரைக் குலுக்கல் முறையில் வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்தார்கள். இல்லத்திலேயே தங்கியவர்களைவிட இவர்களின் அறிவுத்திறன் மேம்பட்டது. ஏறக்குறைய இரண்டு வயதுக்கு முன் குடும்பம் கிடைத்த குழந்தைகளுக்குப் பயன் கூடுதலாக இருந்தது.

பேச்சைப் பற்றி இன்னொரு செய்தி. 2018-இல் ரேச்சல் ரோமியோவும் குழுவினரும் நான்கு முதல் ஆறு வயதுப் பிள்ளைகளின் வீடுகளில் ஒலிப்பதிவுக் கருவியை ஓடவிட்டார்கள், அவர்களின் மூளையையும் படமெடுத்தார்கள். பெரியவர் எத்தனை சொல் பேசினார் என்பதைக் காட்டிலும், பிள்ளையும் பெரியவரும் மாறி மாறி எத்தனை முறை பேசிக்கொண்டார்கள் என்பதே மொழிப் பகுதியின் செயல்பாட்டோடு ஒத்துப்போனது. குடும்ப வருமானத்தைக் கழித்துப் பார்த்தாலும் இந்தத் தொடர்பு நின்றது. கேள்வி கேட்டு, பதிலுக்குக் காத்திருந்து, அதைப் பிடித்துக்கொண்டு மறுகேள்வி கேட்கும் ஒரு பெரியவர்தான் அந்த வயதின் பாடப்புத்தகம். இருபது பிள்ளைகளோடு தனியாக இருந்த ஆயாவால் இதை எப்படிச் செய்திருக்க முடியும்?

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்கிறது பழமொழி. வளையும் என்கிறது அறிவியல். மூளை முதுமைவரை கற்கிறது. ஆனால் பிந்திச் செய்யும் திருத்தத்துக்கு உழைப்பும் பணமும் பல மடங்கு ஆகும்.

வெற்றி பெற்றவை, தோற்றவை

சிறு வயதில் செலவிட்டால் பிறகு பலன் உண்டு என்பதை வெறும் நம்பிக்கையாக விடாமல் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் இப்சிலான்டி நகரில் 1962 முதல் 1967 வரை நடந்த பெர்ரி பாலர் பள்ளி ஆய்வு மிகவும் பேர்போனது. ஏழைக் கறுப்பினக் குடும்பங்களின் 123 குழந்தைகளைக் குலுக்கிப் பிரித்து, 58 பேருக்கு மட்டும் பாலர் கல்வி கொடுத்தார்கள். நாளுக்கு இரண்டரை மணி நேர வகுப்பு, ஆறு பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் என்ற அளவு, வாரம் ஒருமுறை ஆசிரியர் வீட்டுக்குப் போய்த் தாயோடும் பிள்ளையோடும் உட்காருவது என்று திட்டம் நடந்தது. நுண்ணறிவுத் தேர்வில் கிடைத்த உயர்வு சில ஆண்டுகளில் மங்கிவிட்டது. திட்டம் தோற்றது என்று அப்போது பலர் முடிவு கட்டினார்கள். ஆனால் அந்தப் பிள்ளைகளை 40 வயதுவரை பின்தொடர்ந்தபோது வேறு கதை தெரிந்தது. பாலர் பள்ளிக்குப் போனவர்களில் 77 விழுக்காட்டினர் உயர்நிலைப் பள்ளியை முடித்திருந்தார்கள், போகாதவர்களில் 60. ஐந்து முறையோ அதற்கு மேலோ கைதானவர்கள் முதல் பிரிவில் 36 விழுக்காடு, இரண்டாவதில் 55. நோபல் பரிசு பெற்ற பொருளியலாளர் ஜேம்ஸ் ஹெக்மனின் குழு, அந்தச் செலவு ஆண்டுக்கு 7 முதல் 10 விழுக்காடு ஈட்டியதாகக் கணக்கிட்டது.

ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் 1986-87-இல் சாலி கிரந்தம்-மெக்கிரிகோர் தொடங்கிய ஆய்வு நம் தோட்டப்புறத்துக்கு இன்னும் நெருக்கமானது. வயதுக்கேற்ற உயரம் இல்லாத 129 குழந்தைகள். சிலருக்குச் சத்துப் பால்மாவு, சிலருக்கு விளையாட்டு, சிலருக்கு இரண்டும், சிலருக்கு எதுவுமில்லை. விளையாட்டு என்பது சுகாதார ஊழியர் ஒருவர் வாரம் ஒரு மணி நேரம் வீட்டுக்கு வந்து, கழித்துப்போட்ட பொருள்களில் செய்த பொம்மைகளை வைத்துக்கொண்டு, பிள்ளையோடு எப்படிப் பேசி விளையாடுவது என்று தாய்க்குக் காட்டுவது. இரண்டு ஆண்டுகளில் திட்டம் முடிந்தது. இருபது ஆண்டுகள் கழித்துப் பார்த்தால், விளையாட்டுப் பயிற்சி பெற்றவர்களின் வருமானம் 25 விழுக்காடு கூடுதலாக இருந்தது. அந்த ஊழியர்கள் பட்டதாரிகள் அல்லர். சிறிது காலப் பயிற்சியும் மேற்பார்வையும் பெற்ற உள்ளூர்ப் பெண்கள்.

தமிழ்நாட்டின் அங்கன்வாடிகளிலும் அண்மையில் ஒரு பெரிய சோதனை நடந்தது. அலெஹான்ட்ரோ கானிமியன், கார்த்திக் முரளிதரன், கிறிஸ்டஃபர் வால்ட்டர்ஸ் ஆகியோர் நான்கு மாவட்டங்களின் 320 அங்கன்வாடிகளை எடுத்துக்கொண்டார்கள். பாதி மையங்களுக்குப் புதிதாக ஓர் அரைநாள் ஊழியர் கிடைத்தார். அவருக்குப் பாலர் கல்வி மட்டுமே வேலை. புதுக் கட்டடம், கணினி, பாடத்திட்டம் எதுவும் கிடையாது. பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் நேரம் இரட்டிப்பானது. பழைய ஊழியருக்கும் கை ஓய்ந்ததால் ஊட்டச்சத்து வேலையை ஒழுங்காகச் செய்ய முடிந்தது. 18 மாதத்தில் கணக்கிலும் மொழியிலும் பிள்ளைகள் தெளிவாக முன்னேறினார்கள். வளர்ச்சி குன்றியவர்களும் குறைந்தார்கள். செலவைப்போல 13 முதல் 21 மடங்கு பலன் வரும் என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள்.

தோற்றவற்றையும் சொல்லியாக வேண்டும். கனடாவின் கியூபெக் மாநிலம் 1997-இல் நாளுக்கு ஐந்து டாலர் கட்டணத்தில் எல்லாருக்கும் காப்பகம் கொண்டுவந்தது. தாய்மார் வேலைக்குப் போவது கணிசமாகக் கூடியது. ஆனால் பிள்ளைகளிடம் பதற்றமும் முரட்டுத்தனமும் கூடியதாக ஆய்வுகள் கூறின. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் இடத்துக்கு மிஞ்சி விண்ணப்பம் வந்த அரசுப் பாலர் வகுப்புகளில் குலுக்கல் முறையில் சேர்ந்தவர்களையும் இடம் கிடைக்காதவர்களையும், மொத்தம் 2,990 பேரை, பின்தொடர்ந்தார்கள். 2022-இல் முடிவு வெளிவந்தது. ஆறாம் வகுப்பில், பாலர் வகுப்புக்குப் போனவர்கள் மற்றவர்களைவிடக் குறைந்த மதிப்பெண் எடுத்திருந்தார்கள்.

இந்த ஐந்தையும் அடுக்கிப் பார்த்தால் பணத்தின் அளவு வெற்றியைத் தீர்மானிக்கவில்லை என்பது புலப்படும். ஜமைக்காவிலும் தமிழ்நாட்டிலும் செலவு மிகச் சிறியது. கியூபெக்கில் மிகப் பெரியது. பலன் கிடைத்த மூன்று இடங்களிலும் பணம் ஒரே பொருளை வாங்கியது. பிள்ளையின் முகத்தைப் பார்த்துப் பேச ஓய்வும் பயிற்சியும் உள்ள ஒரு பெரியவரின் நேரம்தான் அது.

அரசு ஏன் செலவிட வேண்டும்?

தன் பிள்ளைக்குப் பெற்றோர்தானே செலவிட வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். நான்கு வயதில் போட்ட ஒரு வெள்ளி ஆண்டுக்கு 7 விழுக்காடு வளர்ந்தால், அந்தப் பிள்ளைக்கு 34 வயதாகும்போது ஏறக்குறைய 7 வெள்ளி 60 காசாக நிற்கும். இவ்வளவு நல்ல முதலீடு என்றால் ஏழைப் பெற்றோர் கடன் வாங்கியாவது போடலாமே? போட முடியாது. மகன் பெரியவனாகிச் சம்பாதிக்கப்போவதை ஈடாகக் காட்டினால் எந்த வங்கியும் கடன் தராது. வீட்டுக்குக் கடன் உண்டு, காருக்கு உண்டு, நான்கு வயதுப் பிள்ளையின் மூளைக்குக் கிடையாது.

பலனும் வீட்டோடு நின்றுவிடுவதில்லை. கூடுதல் வருமான வரி, குறைந்த குற்றம், குறைந்த மருத்துவச் செலவு என்று அதில் பெரும்பகுதி ஊருக்குப் போகிறது. பெர்ரி ஆய்வில் கிடைத்த ஆதாயத்தின் பெரும் பங்கு குற்றம் குறைந்ததால் வந்தது. பலனை ஊர் அனுபவிக்கும்போது செலவை ஒரு பால்வெட்டுக்காரரின் சம்பளத்தில் ஏற்றுவது நியாயமும் இல்லை, நடக்கிற காரியமும் இல்லை.

முதல் படி சரியாக இருந்தால் அடுத்த படியில் போடும் பணமும் கூடுதலாக விளையும் என்பது ஹெக்மனின் இன்னொரு கருத்து. மலேசியத் தமிழ்ச் சமூகம் கல்விக்காகத் தன் கைப்பணத்தை நிறையக் கொடுத்திருக்கிறது. 1982-இல் டாக்டர் தம்பிராஜா தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம் பல்லாயிரம் மாணவரைத் தேர்வுகளுக்குத் தயார்செய்து பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியது. கோயில்களும் இயக்கங்களும் இரவு வகுப்பு நடத்தின. இந்த உழைப்பில் பெரும்பங்கு தேர்வு என்ற கடைசி முனையில்தான் போயிற்று. முதலாம் ஆண்டிலேயே எழுத்து பிடிபடாமல் பின்தங்கிய பிள்ளை, அந்த இரவு வகுப்புவரை வந்து சேரவே இல்லை.

இன்றைய நெகிரி செம்பிலான்

இன்றைய தோட்டம் அன்றைய தோட்டம் இல்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லயங்கள் இடிந்தன. குடும்பங்கள் சிரம்பான், செனவாங், நீலாய், பகாவ் தாமான்களுக்கும் மலிவு வீடுகளுக்கும் பெயர்ந்தன. வெட்டு வேலையில் இன்று பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். 1957-இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று 530-க்குச் சற்றுக் குறைவு. நெகிரி செம்பிலான் மாநிலத்தில் 61. அவற்றில் பல இன்னும் லாபு, லின்சம், அதர்ட்டன், பிராட்வால், ரீஜென்ட், கெடிஸ் என்று தோட்டத்தின் பெயரைத்தான் சுமக்கின்றன. மாணவர் எண்ணிக்கை 150-க்குக் கீழே இறங்கிய சிறு பள்ளிகள் அவற்றில் ஏராளம்.

அரசாங்கப் பாலர் கல்வி தோட்டத்துக்கு ஏன் பிந்தி வந்தது என்பதற்கு நிலப்பட்டா ஒரு பெரிய காரணம். கிராம மேம்பாட்டு அமைச்சின்கீழ் கெமாஸ் நடத்தும் பாலர் வகுப்புகள் கம்பங்களில் பரவின. ஒற்றுமைத் துறையின் பெர்பாடுவான் வகுப்புகள், ருக்குன் தெத்தாங்கா என்ற அக்கம்பக்கத்தார் குழு இயங்கிய குடியிருப்புகளில் திறந்தன. தோட்டம் தனியார் நிலம். கம்பத்திலும் சேராது, பட்டணத்திலும் சேராது. தோட்டப் பள்ளிகள் பலவும் நிலம் தங்களுடையதாக இல்லாததால் பகுதி உதவி பெறும் பள்ளிகளாகவே நின்றன. ஆசிரியர் சம்பளம் அரசிடமிருந்து வந்தது. கூரைக்கும் சுவருக்கும் பள்ளி வாரியமும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் அலைந்தன. இருக்கிற வகுப்பறைக்கே பாடு என்னும்போது பாலர் வகுப்புக்கு எங்கே இடம்?

கடந்த இருபதுக்கும் மேற்பட்ட ஆண்டுகளில் நிலைமை மாறியிருக்கிறது. 2003-இல் தேசியப் பாலர் பள்ளிக் கலைத்திட்டம் நடப்புக்கு வந்தது. பல தமிழ்ப்பள்ளிகளில் கல்வி அமைச்சின் பாலர் வகுப்பு இயங்குகிறது. அதிகம் போனால் 25 பிள்ளைகள், ஓர் ஆசிரியர், ஓர் உதவியாளர், சாப்பாடும் உண்டு. இந்தியர் உருமாற்றப் பிரிவான மித்ரா வழியாகக் குறைந்த வருமான இந்தியக் குடும்பங்களின் பிள்ளைகளுக்குத் தனியார் பாலர் பள்ளிக் கட்டண மானியம் கிடைக்கிறது. 2025 ஜூலையில் நாடாளுமன்றத்தில் வைத்த 13-ஆவது மலேசியத் திட்டம், ஐந்து வயதிலிருந்தே பாலர் கல்வியைக் கட்டாயமாக்கப் போவதாகச் சொன்னது.

இவ்வளவும் நல்லதே. ஆனாலும் இரண்டு ஓட்டைகள் அடைபடவில்லை. ஒன்று, ஐந்துக்குக் கீழே உள்ள ஆண்டுகள். 2022 தேசிய சுகாதார ஆய்வின்படி நாட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களில் 21.2 விழுக்காட்டினர் வளர்ச்சி குன்றியவர்கள். ஐந்தில் ஒரு பிள்ளைக்கு மேல், பாலர் வகுப்பின் வாசலை மிதிக்கும் முன்பே பின்தங்கிவிடுகிறது. முதலாம் ஆண்டில் சேரும் பிள்ளைகளில் 24 விழுக்காட்டினர் பள்ளிக்குத் தயாராக இல்லை என்று 2024-இல் உலக வங்கி சொன்னது.

இன்னொன்று, பொறுப்பு சிதறிக் கிடப்பது. நான்கு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கான காப்பகமான தாஸ்கா 1984-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சமூகநலத் துறையிடம். தோட்டக் காப்பகம் தொழிலாளர் துறையிடம். கெமாஸ் கிராம மேம்பாட்டிடம். பெர்பாடுவான் வகுப்பு ஒற்றுமை அமைச்சிடம். பள்ளியில் உள்ள பாலர் வகுப்பு கல்வி அமைச்சிடம். எடையும் தடுப்பூசியும் சுகாதார அமைச்சிடம். ஒரே பிள்ளை ஆறு வயதுக்குள் இத்தனை அலுவலகங்களின் கோப்புகளில் துண்டு துண்டாகக் கிடக்கிறது. பிறப்புப் பத்திரத்தில் சிக்கல் உள்ள பிள்ளை எந்தக் கோப்பிலும் இல்லாமல் போகிறது.

பணம் எங்கே போக வேண்டும்?

சோதனைகள் சொல்வதை இந்த மாநிலத்துக்குப் பொருத்தினால் வரிசை இப்படி அமையும். முதலில் ஆள். ஏற்கெனவே நடக்கும் ஒவ்வொரு பாலர் வகுப்புக்கும் தாஸ்காவுக்கும், கற்பிப்பதை மட்டுமே வேலையாகக் கொண்ட ஓர் அரைநாள் ஊழியரைக் கூடுதலாகப் போடலாம். ஐந்தாம் படிவம் முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் பெண்கள் தாமான்களில் இல்லாமலா போய்விட்டார்கள்? தமிழ்நாட்டில் பலித்தது இங்கே பலிக்காமல் போகக் காரணம் இல்லை. அவர்களுக்குப் பயிற்சியும் மேற்பார்வையும் தாமதமில்லாத சம்பளமும் வேண்டும்.

இரண்டாவது, வீட்டு வருகை. பாலர் வகுப்பு எட்டாத மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு ஜமைக்கா வழி இருக்கிறது. வாரம் ஒரு மணி நேரம், ஓர் ஊழியர், ஒரு பை நிறைய வீட்டுப் பொருளில் செய்த பொம்மைகள். இதற்கு நிலப்பட்டா தேவையில்லை. எஞ்சியிருக்கும் தோட்ட வீடுகளுக்கும் போகலாம். தாயும் பாட்டியும் தங்களுக்குச் சரளமான தமிழிலேயே பிள்ளையோடு பேசி விளையாடலாம். மலாயும் ஆங்கிலமும் அந்த அடித்தளத்தின்மேல் வரும்.

மூன்றாவது, சாப்பாடு. காலையில் ஒரு முட்டை, கொஞ்சம் பயறு. மூளை கேட்கும் எரிபொருளை வைத்துப் பார்த்தால் இதுவும் கல்விச் செலவே.

நான்காவதுதான் கட்டடம். சிறு தமிழ்ப்பள்ளிகளில் பல வகுப்பறைகள் பூட்டியே கிடக்கின்றன. அவற்றைப் பாலர் வகுப்புக்கும் தாஸ்காவுக்கும் திறந்துவிட்டால் பள்ளிக்கும் நாளைய முதலாம் ஆண்டு மாணவர்கள் கிடைப்பார்கள். கட்டடம் திறப்பு விழாவுக்கும் புகைப்படத்துக்கும் தோதானது என்பதால் அரசியல்வாதிகள் அதைத்தான் முதலில் தருகிறார்கள். ஊழியரின் சம்பளத்துக்கு ரிப்பன் வெட்ட முடியாது. ஆனால் பலன் அங்கேதான் இருக்கிறது.

பிள்ளைக்கு ஐந்து வயது வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். உங்கள் பகுதிப் பள்ளியில் பாலர் வகுப்பு இருக்கிறதா, இடம் இருக்கிறதா, மானியத்துக்கு எப்போது விண்ணப்பிக்க வேண்டும் என்று இன்றே விசாரியுங்கள். பள்ளி வாரியத்திலும் கோயில் குழுவிலும் இருப்பவர்கள் இரவு வகுப்புக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை நான்கு வயதுப் பிள்ளைகளுக்குத் திருப்பிவிடுங்கள். அடுத்த தேர்தலில் வாக்குக் கேட்டு வரும் வேட்பாளர் மண்டபம் கட்டித் தருவதாகச் சொன்னால், எங்கள் பாலர் வகுப்புக்கு இன்னோர் ஆளைப் போட்டு, மாதாமாதம் சம்பளம் கொடுக்க முடியுமா என்று கேளுங்கள்.